நான் உட்கார்ந்த நாற்காலி

என் கால்சட்டையைத் தையல்காரர் இரண்டு அங்குலம் தளர்வாகத் தைத்திருந்தால், ஒரு பையன் மறுபடி கோர்ட் படி ஏறியிருக்க மாட்டான். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. கணக்குப் பாடத்தில் விடை தெரிந்தபின் பின்னால் இருந்து முன்னால் போய்ப் பார்ப்பது போல நான் பலமுறை போய்ப் பார்த்துவிட்டேன். ஒவ்வொரு முறையும் அந்தக் கால்சட்டையில் போய்த்தான் நிற்கிறேன்.

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. கோபிசெட்டிபாளையத்துக்குப் பக்கத்தில் வாழைத் தோட்டக்காரர் வீட்டுப் பிள்ளை. மதராஸில் இரண்டு வருடம் சமூக சேவைப் படிப்பு படித்துவிட்டுக் கோயமுத்தூரில் நன்னடத்தை அதிகாரியாக வந்து சேர்ந்தேன். சின்னக் குற்றத்தில் மாட்டிய இளவயசுக்காரர்களை உள்ளே தள்ளாமல், ஒரு வருடம் ஒழுங்காக இருப்பேன் என்று கோர்ட்டில் பத்திரம் எழுதி வாங்கிக்கொண்டு வீட்டுக்கு அனுப்புவார்கள். அந்த ஒரு வருடமும் அவர்களுக்கு வேலை பிடித்துக் கொடுத்து, வாராவாரம் வீட்டுக்குப் போய்ப் பார்த்து, மாதாமாதம் ரிப்போர்ட் எழுதுவது என் உத்தியோகம். நடுவில் பையன் தவறினால் பத்திரம் ரத்து. இளங்குற்றவாளிகளை அடைத்துவைக்கிற பார்ஸ்டல் பள்ளிக்குப் போக வேண்டியதுதான். அதைப் பள்ளி என்று சொல்கிறவர்கள் யாரும் உள்ளே போய்ப் பார்த்ததில்லை. நான் பார்த்திருக்கிறேன், பெயரில் மட்டும்தான் பள்ளி.

மதராஸிலிருந்து நான் கொண்டுவந்த சொத்து இரண்டு. ஒன்று, சூழ்நிலையை மாற்றினால் மனிதன் மாறுவான் என்ற தத்துவம். இரண்டாவது, அப்போது பட்டணத்தில் எல்லோரும் மாட்டித் திரிந்த குழாய் மாதிரியான கால்சட்டை. அதைப் போட்டுக்கொண்டு நிற்கலாம், நடக்கலாம், கஷ்டப்பட்டால் சைக்கிள் மிதிக்கலாம். சம்மணம் போட முடியாது. அப்போது அது ஒரு குறையாகவே எனக்குத் தோன்றவில்லை.

என் கைக்கு வந்த முதல் பையனுக்குப் பதினெட்டு வயது. சினிமாக் கொட்டகை சைக்கிள் ஸ்டாண்டில் விளக்கு டைனமோவைக் கழற்றியபோது பிடிபட்டவன். சிங்காநல்லூர்ப் பக்கம் ஒரு மில் லைன் வீட்டில் குடியிருந்தான். ஒரே அறை. அப்பா பஞ்சுத் தூசியில் நுரையீரல் கெட்டு, வீட்டில் இருந்த ஒரே கயிற்றுக் கட்டிலில் படுத்திருந்தார். முதல் ஞாயிற்றுக்கிழமை நான் போனபோது அவனுடைய அம்மா ஓடிப்போய்ப் பாயை விரித்தார்.

"உக்காருங்க சார்."

"பரவாயில்லை அம்மா. நான் நின்றுகொண்டே பேசுகிறேன்."

"நம்மூட்டுக்கு வந்தவங்க நிக்கலாமுங்களா? சித்த உக்காருங்க."

"எனக்கு நிற்பதுதான் பிடிக்கும்."

கோபியில் பாயிலேயே பிறந்து பாயிலேயே வளர்ந்தவன் பேசிய பேச்சு இது. நின்றபடியே முக்கால் மணி நேரம் உழைப்பின் மேன்மையைப் பற்றிப் பேசினேன். அந்த அம்மா கொடுத்த காப்பியையும் நின்றே குடித்தேன். அவர் கதவோரம் நின்று என் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே வந்ததும் நோட்டில் எழுதினேன்: 'தாய் மனக் கலக்கத்துடன் காணப்படுகிறார். மகனுடைய குற்றம் அவரை வாட்டுகிறது.'

அடுத்த வாரமே அவனுக்கு வேலை பிடித்துவிட்டேன். கல்யாணங்களுக்குப் பந்தலும் பாத்திரமும் மடக்கு நாற்காலியும் வாடகைக்கு விடுகிற கடை. முதலாளி பெருத்த மனிதர். என் சொந்த ஊர் தெரிந்த நிமிஷத்திலிருந்து என்னை 'ஆபீசர் தம்பி' ஆக்கிவிட்டார். பையன் செய்ததை நான் மறைக்கவில்லை. மறைக்கக் கூடாது என்று படித்திருந்தேன்.

"டைனமோ எடுத்த பையனுங்களா?"

"ஆமாம். ஆனால் சூழ்நிலையை மாற்றினால்..."

"நம்மகிட்ட டைனமோ இல்லீங்க தம்பி. சேருதான் இருக்குது. சேரை எவன் தூக்கிட்டுப் போறான்? வரச் சொல்லுங்க."

ஞாயிறு மதியம் எனக்காக அவனுக்கு லீவும் கொடுத்தார்.

இரண்டாவது ஞாயிறும் நின்றேன். மூன்றாவது ஞாயிறு போனபோது அறையின் நடுவில் ஒரு நாற்காலி இருந்தது. இரும்பு மடக்கு நாற்காலி, துடைத்துப் பளபளவென்று. அந்த அம்மாவின் முகமும் அப்படியே இருந்தது. "இப்ப உக்காருங்க சார்" என்றார். உட்கார்ந்தேன். நிற்பது பிடிக்கும் என்று சொன்னதை அவரும் ஞாபகப்படுத்தவில்லை, நானும் ஞாபகப்படுத்திக்கொள்ளவில்லை.

அந்த நாற்காலி எங்கிருந்து வந்தது என்று நான் கேட்கவே இல்லை. நாற்காலி வாடகைக் கடையில் வேலை செய்கிற பையன், திருடிப் பிடிபட்டவன், அவன் வீட்டில் திடீரென்று ஒரு மடக்கு நாற்காலி. ஒரு குழந்தைக்குக்கூடச் சந்தேகம் வந்திருக்கும். குழந்தைக்குத் தத்துவம் கிடையாது, எனக்கு இருந்தது. அந்த மாத ரிப்போர்ட்டில் எழுதினேன்: 'வீட்டில் நாற்காலி வாங்கப்பட்டுள்ளது. குடும்பத்தின் தன்மதிப்பு உயர்ந்துவருவதற்கு இது அடையாளம்.' அடுத்த மாதமும் எழுதினேன். அதற்கடுத்த மாதம் 'நாற்காலி நன்கு பராமரிக்கப்படுகிறது' என்றும் சேர்த்தேன். மூன்று ரிப்போர்ட்டும் கோர்ட்டுக்குப் போய்ப் பத்திரமாகச் சேர்ந்தன.

நடந்தது இதுதான். சனிக்கிழமை சாயங்காலம் வேலை முடிந்ததும் அவன் ஒரு நாற்காலியைச் சைக்கிள் கேரியரில் கட்டி வீட்டுக்குக் கொண்டுபோவான். திங்கட்கிழமை எல்லோருக்கும் முன்னால் வந்து அடுக்கில் வைத்துவிடுவான். ஒரு வாரம்கூடத் தவறியதில்லை. நன்னடத்தை என்றால் நான் இதைத்தான் சொல்வேன். ஆனால் சட்டம் அப்படிச் சொல்லாது.

மார்கழி பிறந்ததும், தை மாதக் கல்யாண சீசனுக்காக முதலாளி நாற்காலிகளுக்கெல்லாம் புதுப் பெயிண்ட் அடித்தார். வழக்கமாகக் கடையின் எழுத்துகளைச் சாய்மானத்தின் பின்பக்கம் மட்டும் எழுதுவார்கள். அந்த முறை முன்பக்கமும் எழுதச் சொல்லியிருந்தார், சிவப்பில், உள்ளங்கை அளவுக்கு. காரணம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

அந்த ஞாயிறு நாற்காலிச் சாய்மானத்தின்மேல் ஒரு துண்டு போட்டிருந்தது. பையன் ஏனோ பக்கத்திலேயே நின்றான்.

"சாயாதீங்க சார். கால் ஆடுது."

"ஆடட்டும். மனம் ஆடாமல் இருந்தால் போதும்" என்றேன். இதை நான் முன்கூட்டியே யோசித்து வைக்கவில்லை, தானாக வந்தது. அதில் எனக்கே ஒரு பூரிப்பு. நன்றாகச் சாய்ந்துகொண்டு அதையே விரித்து அரைமணி நேரம் பேசினேன். துண்டு எப்போது நழுவியது என்று தெரியவில்லை. பையன் கண்ணை மூடிக்கொண்டிருந்தான். என் பேச்சு அவனுக்குள் இறங்குகிறது என்று நினைத்தேன்.

அங்கிருந்து நேராகக் கடைக்குப் போனேன். பையனைப் பற்றி முதலாளியிடம் விசாரிப்பதும் என் கடமை.

"எப்படி இருக்கிறான்?"

"தங்கமான பையனுங்க தம்பி. நாலு ஆள் வேலை செய்யறான். திங்கக்கெழமையானா எனக்கு முன்னால வந்து நிக்கறான்."

மனம் நிறைந்து சைக்கிள் ஸ்டாண்டை எடுக்கத் திரும்பினேன்.

"ஏனுங்க தம்பி."

"சொல்லுங்க."

"முதுகுல என்னமோ செவப்பா ஒட்டியிருக்குதுங்க. எங்கியாச்சும் சாஞ்சீங்களா?"

பஸ்ஸில் என்று சொல்லியிருக்கலாம். தெரியவில்லை என்று சொல்லியிருக்கலாம். நான் சைக்கிளை மறுபடி நிறுத்திவிட்டுச் சொன்னேன்: "உங்கள் பையன் வீட்டு நாற்காலியில்தான். தெரியாதா உங்களுக்கு? நீங்கள் கொடுக்கிற சம்பளத்தில் நாற்காலி வாங்கிப் போட்டிருக்கிறான். மூன்று மாதமாக அதில்தான் உட்காருகிறேன்."

அவர் என்னைச் சுற்றி முதுகுப் பக்கம் வந்தார். "சட்டையைச் சித்த கழட்டுங்க" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை மதியம், நடுக் கடைவீதியில், அரசாங்க அதிகாரி பனியனோடு நின்றேன். அவர் சட்டையை உள்பக்கமாகத் திருப்பி வெயிலில் பிடித்தார். கடையின் மூன்று எழுத்தும் நேராகத் தெரிந்தன. சட்டையை எடுத்துப்போய் அடுக்கில் இருந்த ஒரு நாற்காலியோடு ஒட்டிப் பார்த்தார். பிறகு அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"என்ற அக்கா ஊட்டுக்காரரைத் திருடன்னு சொல்லிப்போட்டேனுங்களே தம்பி."

இரண்டு வாரத்துக்கு முன்னால், ஒரு ஞாயிற்றுக்கிழமை, சோமனூரில் அவருடைய அக்கா மகள் கல்யாணம். நூறு நாற்காலி அனுப்பினார். எண்ணும்போது தொண்ணூற்றொன்பது. கல்யாண வீட்டிலேயே, பந்தி நடக்கும்போதே, ஒன்றை யார் எடுத்து வைத்துக்கொண்டது என்று அக்கா வீட்டுக்காரரான மாமாவைக் கேட்டுவிட்டார். வாய்ச் சண்டையாகிப் பேச்சு அற்றுப்போய்விட்டது. மறுநாள் கடையில் எண்ணினால் நூறு. பயந்துபோய்க் கொண்டுவந்து போட்டுவிட்டார்கள் என்று ஆள் விட்டு அதையும் சொல்லியனுப்பியிருக்கிறார். முன்பக்கம் எழுதச் சொன்னதும் அதனால்தான்.

அங்கே குறைந்த அந்த நூறாவது நாற்காலியில், அந்த நேரத்தில், சிங்காநல்லூரில் நான் உட்கார்ந்திருந்தேன்.

"நான் ஸ்டேஷனுக்குப் போறேனுங்க" என்றார். கோபத்திலும் அந்த 'ங்க' போகவில்லை. போகாததுதான் பயமாக இருந்தது. பத்திரம் எழுதி நாலு மாதம்தான் ஆகியிருந்தது. ஒரு புகார் போதும். பையன் மறுவாரம் பார்ஸ்டலில் இருப்பான்.

ஒரு மணி நேரம் அவகாசம் கேட்டேன். சட்டையைத் திருப்பிக் கொடுத்தார்.

லைன் வீட்டு வாசலில் என்னைப் பார்த்ததும் பையனுக்குப் புரிந்துவிட்டது. நான் கேட்க நினைத்தது ஒரு கேள்வி, கேட்டது இன்னொன்று.

"ஏண்டா, என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"என்னன்னு சொல்றதுங்க? நீங்க நின்னுட்டே பேசிட்டுப் போனீங்க. எங்கம்மா ரெண்டு நாள் சோறே திங்கலீங்க. ஆபீசரை நிக்க வெச்சு அனுப்பிப்போட்டமேன்னு. பக்கத்தூட்டுல மொதல்ல சேரு கேட்டுப் பாத்துச்சு. எதுக்கு, யாரு வாராங்கன்னு கேட்டாங்க. என்னன்னு சொல்லும்?"

அந்த அம்மா நாற்காலியை மடக்கிக்கொண்டிருந்தார். மடக்கத் தெரியாமல் விரலை நசுக்கிக்கொண்டார். "வாராவாரம் காசு குடுத்து வாடகைக்கு எடுத்தாறேன்னுதான் எங்கிட்டச் சொன்னான் சார்" என்றார். அவரும் என்னை மாதிரியே நம்பியிருக்கிறார். ஆனால் அவர் ரிப்போர்ட் எழுதவில்லை.

நாற்காலியைக் கேரியரில் கட்டி, பையன் தள்ள, நான் பின்னால் பிடிக்க, கடைக்குப் போனோம். முதலாளி அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

"கேட்டிருந்தாக் குடுத்திருக்க மாட்டனாடா?"

"குடுத்திருப்பீங்க. எதுக்குன்னு கேப்பீங்க. ஊட்டுல உக்கார ஒண்ணும் இல்லீன்னு சொல்லோணும்."

அவர் கேரியரிலிருந்து நாற்காலியை அவிழ்த்து இறக்கினார். பிறகு என் பக்கம் திரும்பினார். "ஸ்டேஷனுக்குப் போகலீங்க. ஆனா நாளைக்கு ரெண்டு பேரும் சோமனூர் வாங்க. என்ற அக்கா முன்னால நின்னு நடந்ததைச் சொல்லுங்க. அங்க என்ன சொல்றாங்களோ அதுதான்."

திங்கட்கிழமை காலை பஸ்ஸில் நாற்காலியை மேலே ஏற்றிச் சோமனூர் போனோம். முதலாளி முன்சீட்டில், நாங்கள் பின்சீட்டில்.

அக்கா வீட்டில் நாலு விசைத்தறி ஓடிக்கொண்டிருந்தது. வாசலில் தம்பியைப் பார்த்ததும் மாமா உள்ளே போய்விட்டார். அக்கா மட்டும் வந்து நின்றார். நான் பேச ஆரம்பித்தேன். தறிச் சத்தத்தில் எனக்கே கேட்கவில்லை. அக்கா உள்ளே பார்த்துக் கையை ஆட்டினார். நாலு தறியும் நின்றன. அந்த நிசப்தத்தில், மதராஸில் படித்ததில் ஒரு வரிகூட உதவாமல், நாற்காலி யாருக்காக எடுக்கப்பட்டது, அதில் யார் உட்கார்ந்தது, முதலாளியிடம் யார் போய் உளறியது என்று எல்லாவற்றையும் சொன்னேன். எல்லாவற்றுக்கும் ஒரே ஆள்தான் பதில். மாமா கதவுக்குப் பின்னால் நின்று கேட்பது அவருடைய நிழலில் தெரிந்தது.

அக்கா தம்பியைத்தான் முதலில் பிடித்தார்.

"நூறு சேரு வெச்சிருக்கறவன் ஒரு சேருக்காகப் பந்தியில வந்து கையை நீட்டுனயே. இந்தப் பையன் எடுத்தான், திருப்பி வெச்சான். நீ பேசுனதை எங்க திருப்பி வெப்பே?"

முதலாளி தரையைப் பார்த்தார். அக்கா பையனிடம் வந்தார்.

"நீ எதுக்குக் கண்ணு அப்பிடிப் பண்ணுனே? பாயில உக்கார வெச்சிருக்கலாமல்ல?"

பையன் மெதுவாக என் கால்சட்டையைப் பார்த்தான். அக்காவும் பார்த்தார். முதலாளி பார்த்தார். கதவுக்குப் பின்னாலிருந்து மாமாவின் தலையும் வெளியே வந்து பார்த்தது.

"ஏனுங்க, இந்தக் கொழாயை மாட்டீட்டு எப்பிடீங்க சாப்பிட உக்காருவீங்க?" என்றார் அக்கா. கிண்டல் இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார்.

"மெஸ்ஸில் மேஜை இருக்கிறதுங்க" என்றேன். என் 'ங்க' திரும்பி வந்துவிட்டது.

"நம்மூட்டுல இல்லீங்களே. வாங்க, வந்ததுக்குச் சாப்பிட்டுப் போங்க."

உள்ளே இலை போட்டார்கள். நாங்கள் கொண்டுவந்த நாற்காலி அங்கேயே சுவரோரம் இருந்தது. யாரும் அதை என் பக்கம் நகர்த்தவில்லை. அப்போது அதில் உட்காருவதைவிடச் செத்துப்போகலாம் என்றிருந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஒரு காலை மடக்கி, இன்னொன்றையும் மடக்கி இலை முன்னால் உட்கார்ந்தேன்.

தறி ஓடிக்கொண்டிருந்தால் அந்தச் சத்தம் யாருக்கும் கேட்டிருக்காது. பின்தையல் இடுப்பிலிருந்து கீழ் வரைக்கும் பிரிந்துபோயிற்று.

முதலில் சிரித்தது மாமா. அடக்கப் பார்த்து, இருமி, முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டார். அப்புறம் முதலாளி. "மாமா, சிரிக்காதீங்க, பாவம் ஆபீசரு" என்று சொல்லிக்கொண்டே அவரும் கண்ணைத் துடைத்தார். இரண்டு வாரமாக அற்றுப்போயிருந்த பேச்சில் அதுதான் முதல் வார்த்தை. மாமா தன் வேட்டி ஒன்றை எடுத்து என் மேல் போட்டார். "போச்சாதுங்க, போச்சாது, சாப்பிடுங்க" என்றார். பரவாயில்லை என்பதை அந்தப் பக்கத்தில் அப்படித்தான் சொல்வார்கள். மச்சானான முதலாளியைப் பார்த்தும் அதையே சொன்னார். கடைசியாகப் பையனுக்கு அவரே குழம்பு ஊற்றினார்.

திரும்பும்போது பஸ்ஸில் மூன்று பேரும் ஒரே சீட்டில் உட்கார்ந்தோம்.

சோமனூரோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆனால் கோர்ட்டில் என் கையெழுத்தோடு மூன்று ரிப்போர்ட் இருந்தன. நாலாவதை எழுத வேண்டும். நாற்காலி என்ன ஆயிற்று என்று எழுதாமல் விடலாம், யாரும் கேட்கப்போவதில்லை. ஆனால் என்றைக்காவது வெளியே வந்தால் பையன் மறைத்தான் என்று ஆகிவிடும். இரண்டு நாள் பேனாவைத் திறந்து மூடினேன். கடைசியில் எல்லாவற்றையும் எழுதினேன், கால்சட்டை உட்பட.

வெள்ளிக்கிழமை மாஜிஸ்திரேட் எங்கள் மூன்று பேரையும் கூப்பிட்டு அனுப்பினார். நாலு ரிப்போர்ட்டையும் வரிசையாக வைத்துப் படித்தார். 'நாற்காலி நன்கு பராமரிக்கப்படுகிறது' என்ற வரியைச் சத்தமாகப் படித்தார்.

"ஆக, இவன் எடுத்தான். நீங்கள் உட்கார்ந்தீர்கள்."

"ஆமாம்."

"மூன்று மாதமாக."

"ஆமாம்."

முதலாளியிடம், "உங்கள் புகார் என்ன?" என்று கேட்டார்.

"புகார் ஒண்ணும் இல்லீங்க. சேரு கவர்மெண்டுக்குத்தானுங்க போயிருக்குது. பையன் வேலையில இருக்கான், இருப்பானுங்க."

மாஜிஸ்திரேட் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தேவைக்கு அதிக நேரம் துடைத்தார். பத்திரம் அப்படியே தொடரட்டும் என்றார். பையனைப் போகச் சொன்னார். என்னை நிற்கச் சொன்னார். "மிச்சம் எட்டு மாதம் அவன் ஒழுங்காக இருப்பான் என்று நினைக்கிறேன். நீங்களும் இருங்கள்" என்றார்.

அந்த ஞாயிறு சோமனூர் வேட்டியைக் கட்டிக்கொண்டு போனேன். துவைத்துத் திருப்பிக் கொடுப்பதற்கு முன்னால் ஒருமுறை பழகிப் பார்க்கலாம் என்று. லைன் வீட்டில் நானே பாயைத் தேடி எடுத்து விரித்து, சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். அத்தனை சுகமாக அந்த வீட்டில் நான் உட்கார்ந்ததே இல்லை. அப்பா கட்டிலில் இருந்து தலையைத் தூக்கிப் பார்த்தார். அம்மா காப்பியை என் முன்னால் வைத்துவிட்டு வேட்டியைப் பார்த்தார், பாயைப் பார்த்தார், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"எங்க பையனாலதானுங்களா சார்?"

"என்னது?"

"வேலை போயிருச்சுங்களா?"

இல்லை என்றேன். வேலை இருக்கிறது, நானாகத்தான் இப்படி வந்தேன் என்றேன். அவர் நம்பவில்லை. உத்தியோகத்தில் இருக்கிற எவன் தானாக வந்து தரையில் உட்காருவான்? நான் சொல்லச் சொல்ல அவர் கண் கலங்கியது.

பையன்தான் அம்மாவைச் சமாதானப்படுத்தினான். "உடும்மா. நான் இருக்கறனல்ல?" என்று சொல்லிவிட்டு என் பக்கத்தில் வந்து குந்தினான். குரலைத் தாழ்த்தினான். வேலை தேடுகிற பையன்களிடம் நான் பேசுகிற அதே தாழ்ந்த குரல்.

"எங்க முதலாளிகிட்ட ஒரு ஆளு வேணுமுங்க சார். சேரு தூக்கற வேலைதான். ஆனா நாணயமான எடமுங்க. நான் சொன்னா எடுத்துக்குவாரு. கேக்கட்டுங்களா?"

யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.